இரண்டு கை மெழுகு

காதோரம் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே அக்கா மெழுகை எடை போட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த மாமா, வந்ததும் அறைந்ததில் கம்மல் காதைக் கிழித்திருந்தது. இப்போது உள்ளே தூங்குகிறார். நாளைக்கு அரியலூர்க் கடைக்கு அவள் செய்யும் வெடிப்புக் கிரீம் போயாக வேண்டும். ஓர் அடுப்பில் தேங்காயெண்ணெயும் மெழுகும் உருகின. இன்னொன்றில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

"எண்ணெயும் தண்ணியும் தானா சேராதுடி பானு. இந்த எமல்சிஃபையர் மெழுகு இருக்குல்ல, ஒரு கையால எண்ணெயப் புடிச்சுக்கும், ஒரு கையால தண்ணியப் புடிச்சுக்கும். உன்ன மாதிரி நடுவுலயே நின்னு சாவும்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, குரும்பலூரிலிருந்து இந்த ரெட்டிபாளையத்துக்கு அம்மா என்னை அனுப்பியதே அதற்குத்தான். "சின்னப் புள்ள நடுவுல நின்னா அவரு கை ஓங்க மாட்டாரு" என்றாள். ஓங்குவார். ஆனால் அடி என் மேல் பட்டதும் நிறுத்திவிடுவார். அக்காவின் உயிர் அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது.

"ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும். ஒண்ணு ஆறிக் கெடந்தா திரிஞ்சு போயிடும்."

போன் அடித்தது. அக்கா எடுத்துப் பேசினாள். மாமா எழுந்து வந்துவிட்டார்.

"எவன்டி அவன்?"

"கடைக்காரருங்க. கிரீம் கேக்குறாரு."

"கிரீமக் கேக்குறானா, உன்னக் கேக்குறானா?"

முடியைப் பிடித்து அடுப்பு மேடையில் அவள் நெற்றியை மோதினார். பாத்திரங்கள் குதித்தன. மறுபடியும் மோதினார். சிமெண்டில் வெடித்துக் கிடந்த அவர் விரல்களை அக்காவின் கிரீம்தான் ஆற்றியிருந்தது. அதே விரல்கள் அவள் கழுத்தை இறுக்கின.

நான் நடுவில் புகுந்தேன். ஒரு கை மாமாவின் பனியனில், ஒரு கை அக்காவின் தோளில்.

"வேணாம் மாமா, விடுங்க மாமா."

அவர் முழங்கை என் வாயில் இடித்தது. பல் உதட்டில் குத்தி, வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. வழக்கம்போல அவர் நிறுத்தினார்.

"பானு, கைய எடு" என்றாள் அக்கா.

"அக்கா..."

"எடுடிங்கறேன்."

முதல் தடவையாக இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு விலகினேன். எண்ணெய்ச் சட்டி அவள் கையில் இருந்தது.

மாமா அலறிக்கொண்டு விழுந்தார். தோளிலும் மார்பிலும் வழிந்த மெழுகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் வெள்ளையாக உறையத் தொடங்கியது.

"தண்ணி ஊத்து பானு! தண்ணி ஊத்துடி!" என்று மாமா கதறினார்.

குடத்திலிருந்து சொம்பில் மொண்டேன். அக்கா ஊற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலிச் சட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். சொம்பு தளும்பி, தண்ணீர் என் பாதங்களில் கொட்டிக்கொண்டிருந்தது.