அஞ்சலிக்கு ஒரு படம்

பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்த கடைசிப் புடவையையும் உதறிப் பார்த்தாள் செவ்வந்தி. படம் எதுவும் விழவில்லை.

"ஆதார் படம் பெருசு பண்ணா கலங்குதாம்," என்றபடி அவள் கணவன் நிலவன் உள்ளே வந்தான். "ஃப்ளெக்ஸ்காரன் அவசரப்படுத்தினுகீறான். அத்த ஒரு கல்யாணத்துலகூடவா போட்டோ எடுத்துக்கல?"

"கேமராவ பாத்தாலே எழுந்து போயிடுமுங்க."

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் பெரியம்மா பிரபாவதி கிடந்தாள். செவ்வந்தியை வளர்த்தவள்.

டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளைச் செவ்வந்தி தூக்கினாள். கீழே, பழுப்பேறிய பத்திரிகைத் துண்டுகள். எண்பத்தைந்தாம் வருடம். அம்மா ஒரே ஒருமுறை, குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம். மறைப்பதற்குள் நிலவன் குனிந்துவிட்டான்.

"அத்தையா இது? சினிமாக்காரி கணக்கா..."

பிறகு தலைப்பைப் படித்தான். 'கணவனுக்குச் சோற்றில் விஷம்: கட்டழகி கைது.'

அப்போது பிரபாவதிக்குப் பத்தொன்பது. தலை நிறைய மல்லிகை என்றது ஒரு பத்திரிகை. கனகாம்பரம் என்றது இன்னொன்று. கோர்ட் படியில் சிரித்தாளாம், மூன்றாவது எழுதியிருந்தது. மூன்றிலும் ஒரே படம். அதில் பூவும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

"கோர்ட்டு வுட்டுடுச்சிங்க. அந்தாளே வெஷத்த குடிச்சிட்டாருன்னு தீர்ப்பு."

"அத போட்டானுங்களா?"

தேடி எடுத்துக் கொடுத்தாள். விரல் அகலத்தில் நான்கு வரி. 'இளம்பெண் விடுதலை.' பெயர் இல்லை, படம் இல்லை.

ஃபோன் மறுபடி அடித்தது.

"படமே வேணான்னு சொல்லிடறேன். தெரிஞ்சா பிளாக்கு பூரா பேசும்."

செவ்வந்தி கூடத்தைப் பார்த்தாள்.

"இதையே அனுப்புங்க."

"யாராச்சும் கண்டுபுடிச்சா?"

"புடிக்கட்டும். பேர முழுசா போடச் சொல்லுங்க."

தலைப்பை விட்டுவிட்டுத் தோள்வரை மட்டும் படம்பிடித்து அனுப்பினான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் திருப்பிக் கேட்டார்: தோள்மேல யாரோ போலீஸ்காரம்மா கை இருக்கு, எடுத்துடலாமா?

"எடுத்துடச் சொல்லுங்க," என்றாள்.

இரண்டரை மணிக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் மொபெட்டை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெயரைப் படித்தார்.

செவ்வந்தி ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்தப் படம்..." என்று ஆரம்பித்தவர் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். "எப்ப எடுக்கறீங்க?"

"நாலு மணிக்குங்க."

அவர் இறங்கி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.