வரிசையில் நின்ற நண்டு

பெரியவர்கள் கார்ட்டூன் பார்த்து அழமாட்டார்கள் என்று கமலநாதன் சொன்னபோது, மகதலேனா கையிலிருந்த தே ஓ ஐஸ் டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐஸ் கட்டி ஒன்று துள்ளி அவர் மடியில் போய் விழுந்தது.

"அழமாட்டாங்கன்னு எந்தக் கல்வெட்டுல எழுதியிருக்கு பாஸ்?"

"கல்வெட்டு எதுக்கும்மா? இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் லா. கார்ட்டூன் போட்டா பிள்ளைங்க பாக்கும், அப்பா தூங்குவாரு, அம்மா போன நோண்டுவாங்க. அழணும்னா அவங்களுக்கு சீரியல் இருக்கு."

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. மொத்தம் ஆறு பேர். இரண்டு வருடமாக உயிரைக் கொடுத்து ஒரு முழுநீளத் தமிழ்க் கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தார்கள். கதாநாயகன் ஒரு நண்டு. காலிச் சங்குக்குள் குடியிருக்குமே, அந்த ஜாதி நண்டு. சங்கு கிடைக்காமல், கடலோரத்தில் யாரோ வீசிய பால் டின்னுக்குள் குடித்தனம் நடத்தும் ஓர் அப்பா நண்டும் அதன் மகனும். படத்தின் கடைசியில் அப்பா தன் டின்னைக் கழற்றி மகனுக்கு மாட்டிவிட்டு, வெறும் உடம்போடு மணலில் நடந்து போகும். நான்கு நிமிடம். வசனம் கிடையாது, அலைச் சத்தம் மட்டும். அந்த நான்கு நிமிடத்தை மகதலேனா ஐந்து மாதம் வரைந்தாள். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்ததற்கு ஒரே அத்தாட்சி அதுதான் என்று நம்பிக்கொண்டும் இருந்தாள்.

இப்போது டிவிக்காரர்கள் ஒரு குத்துப்பாட்டு கேட்கிறார்கள். படம் எழுபத்திரண்டு நிமிடம், அதற்குமேல் ஒரு விநாடி கிடையாது. பாட்டு நான்கு நிமிடம். ஏதோ ஒன்று போயாக வேண்டும்.

"வரிசை சீன எடுத்துடுங்க," என்றாள் மகதலேனா. அது நடுவில் வரும் ஒரு காமெடி. நல்ல சங்கு ஒன்று கரை ஒதுங்கினால் இந்த நண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். நிஜமாகவே கட்டும். அதை வைத்து ஒன்பது நாளில் கிறுக்கித் தள்ளியிருந்தாள்.

"வரிசைக்குப் பிள்ளைங்க சிரிக்கும். உன் அலைச் சத்தத்துக்கு யாரு என்ன பண்ணுவாங்க?"

"அழுவாங்க."

"யாரு?"

"பெரியவங்க."

கமலநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "சரி லா. சனிக்கிழம சும்மா ஒரு ஷோ போடு. அஞ்சே அஞ்சு பெரியவங்க அழுதா உன் சீன் இருக்கட்டும், வரிசைய வெட்டிடறேன். அழலன்னா உன் சீன் காலி. முன்னாடியே யார்கிட்டயும் 'அழுங்க'ன்னு சொல்லி வைக்கக் கூடாது. ஒவ்வொரு சீட்லயும் ஒரு டிஷ்யூ பாக்கெட் வை. யாரு பிரிச்சிருக்காங்கன்னு எண்ணிக்கலாம்."

மனிதர் விளம்பரக் கம்பெனியில் இருந்து வந்தவர். அழுகையைக்கூடப் பாக்கெட் கணக்கில்தான் அளப்பார்.

கிள்ளானில் மாதா கோயில் மண்டபம் கிடைத்தது. 'இலவச கார்ட்டூன் படம், அனைவரும் வருக' என்று மகதலேனாவே நோட்டீஸ் அடித்து, ஊரைச் சுற்றி மேருவிலிருந்து பண்டமாரான் வரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மண்டபத்து வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. மனசு குளிர்ந்தது. அப்புறம் பார்த்தால், கதவு திறக்கிறது, பிள்ளைகள் குதிக்கின்றன, கதவு மூடுகிறது, கார் போய்விடுகிறது.

"பன்னெண்டரைக்குத்தானே முடியும்? நான் பாசார்ல மீன் வாங்கிட்டு வந்துடறேன் ஆன்டி," என்று ஓர் அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி ஷார்மைனிடம் சொல்லிவிட்டுப் பறந்தார். ஷார்மைன் மகதலேனாவோடு படம் வரைபவள். வயது இருபத்து மூன்று.

"என்னைய ஆன்டிங்குது பாரு அந்தப் பொம்பள!"

"அத விடு. உள்ள பெரியவங்க எத்தன பேரு?"

"பிள்ளைங்க அம்பத்தொன்னு. பெரியவங்க ஒன்னு. அதுவும் மண்டபத்து வாட்ச்மேன். தூங்கறாரு."

மகதலேனா நோட்டீஸை எடுத்துத் திரும்பப் படித்தாள். 'அனைவரும்' என்றுதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் 'கார்ட்டூன்' என்றும் இருந்ததே. கிள்ளான் வட்டாரத்தில் எந்த அப்பா அம்மாவும் அதை டியூஷன் மாதிரி நினைத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போவார்கள். இது தெரியாதவளா அவள்? இதே ஊரில் பிறந்து, இதே மண்டபத்தில் ஞாயிறு மறைக்கல்விக்கு அப்படி இறக்கிவிடப்பட்டவள்தானே! தன்னைத் தானே நல்ல வார்த்தையில் நான்கு திட்டு திட்டிக்கொண்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை. அங்கே அவள் அப்பா செபாஸ்டியன், கூட லோரி ஓட்டும் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக் கன்டெய்னர் லோரி. ஆபத்துக்கு அவர்தான் கதி என்பதே அவளுக்குக் கசந்தது. கோயிலில் யாராவது 'மக என்ன வேல பாக்குது?' என்று கேட்டால் 'கம்ப்யூட்டர்ல ஏதோ' என்பார். அவள் வரைந்தது எதையும் இதுவரை பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி இவளும் கேட்டதில்லை. வீம்பு இரண்டு பேருக்கும் சமபங்கு.

"அப்பா, எந்திரிங்க. படம் பாக்க வரணும்."

"என்ன படம்?"

"என் படம்."

"அந்த பொம்மப் படமா? எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு மேகி."

"வயசானவங்கதான் எனக்கு வேணும்."

பக்கத்திலிருந்த கார்த்திகேசு கை கழுவிவிட்டு வந்தார். நூற்றுப் பத்து கிலோ எடை. வண்டியில் ஏறினால் லோரியே ஒரு பக்கம் சாயும் என்பார்கள். "ஏசி இருக்கா பாப்பா?"

"இருக்கு அங்கிள்."

"திங்க?"

"கறிபாப்."

"அப்புறம் என்ன யோசன? டேய், எந்திரிங்கடா. செபாஸ்டியன் மக கல்யாணத்துக்கு எப்பக் கூப்பிடப் போவுதோ, இப்பவே போய்த் தின்னுட்டு வருவோம்."

ஒன்பது பேர் எழுந்தார்கள். செபாஸ்டியன் கடைசியாக எழுந்தார்.

படம் தொடங்கியது. கமலநாதன் முதல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, டிவிக்காரர்களிடமிருந்து போன் வந்ததும் வெளியே போனார். மகதலேனா திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள். படம் அவளுக்கு மனப்பாடம். முகங்கள்தான் வேண்டும். பின்வரிசையில் டிரைவர்கள் கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசைக் காட்சி வந்தது. சங்கு வாங்க நண்டுகள் நிற்கின்றன. நம் அப்பா நண்டு, முதுகில் டின், கையில் மகன். முன்னால் ஒரு பாறை, பாறைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி நண்டு.

"பாசிச் சீட்டு எங்க?"

"இந்தாங்க ஐயா."

"இது பச்ச. செவப்புக் கொண்டா. நாளைக்கு வா."

"சரிங்க ஐயா. நன்றிங்க ஐயா."

அப்பா நண்டு வரிசையின் கடைசிக்குப் போகிறது. மகன், "என்னப்பா ஆச்சு?" என்கிறது. "எல்லாம் ஆச்சுடா. இன்னும் ரெண்டே ரெண்டு நிமிசம்." மறுபடியும் பாறை. மறுபடியும் வேறு சீட்டு. மறுபடியும் நன்றிங்க ஐயா. ஒவ்வொரு நன்றிக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. டிரைவர்களும் சிரித்தார்கள், மூன்று தடவை. நான்காவது தடவை பின்வரிசையில் சத்தமில்லை. ஆறாவது தடவை கார்த்திகேசு பாதிக் கறிபாப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். எட்டாவதில் அவருடைய மோவாய் ஆடியது.

மகதலேனா நாற்காலி நுனிக்கு வந்தாள். இந்த ஆள் ஏன் அழுகிறார்? இது காமெடி சீன்!

கார்த்திகேசு தன் மகளின் பிறப்புப் பத்திரத்துக்காக ஏதோ ஓர் ஆபீஸுக்கு நடையாய் நடந்த கதை பண்டமாரானில் எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர் டிஷ்யூ பாக்கெட்டைப் பல்லால் பிரித்தார். வாட்ச்மேன்கூட எப்போதோ விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஆக நான்கு. ஐந்தாவது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த செபாஸ்டியன். அவர் எதையும் துடைக்கவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வடிந்து மீசையில் இறங்கியது.

அப்போதுதான் மகதலேனாவுக்குச் சுருக்கென்றது. நண்டு மொத்தம் பதினோரு தடவை நன்றி சொல்லும். பதினொன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பதினெட்டு வயதில், மேல்படிப்பு உதவிக்கு ஒரு கடிதம் வாங்க ஓர் ஆபீஸுக்கு அப்பாவோடு போனாள். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருவனை வாய்க்கு வாய் துவான், துவான் என்று ஐயா போட்டார். கடிதம் கொடுக்காதவனுக்குப் பதினோரு முறை நன்றி சொன்னார். பக்கத்தில் நின்று அவள் எண்ணினாள். ஏன் இப்படிக் குழைகிறார் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலைத்தான் பல வருடம் கழித்து நண்டு வேடிக்கையாக வரைந்திருக்கிறாள். வரைந்தவளுக்கே அது தெரியாமல் போயிருக்கிறது.

சரி, இதற்கே இப்படி என்றால் கடைசிக் காட்சிக்கு மண்டபமே மிதக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கடைசிக் காட்சியும் வந்தது. அப்பா நண்டு டின்னைக் கழற்றியது. அலைச் சத்தம். ஐந்து மாதம் வரைந்த அந்த இளஞ்சிவப்பு உடம்பு மெல்ல மணலில் இறங்கியது. முதல் வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்று கையை நீட்டினாள்.

"ஐயே! நண்டு ஷேம் ஷேம்!"

அவ்வளவுதான். ஐம்பத்தொரு பிள்ளைகளும் 'ஷேம் ஷேம்' என்று கூவின. கார்த்திகேசு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு டிரைவர் கொட்டாவி விட்டபடி, "துணிமணி இல்லாமப் போவுதே, போலீஸ் பிடிக்காதா?" என்றார். வாட்ச்மேன் மறுபடி தூங்கியிருந்தார். ஒருவர் கண்ணிலாவது ஈரம்? சொட்டு இல்லை.

விளக்கு போட்டதும் கமலநாதன் உள்ளே வந்தார். பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நாற்காலி நாற்காலியாகக் குனிந்து, பிரித்த பாக்கெட்டுகளை எண்ணினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏழு! ஏழு பேரு லா! நீ ஜெயிச்சிட்ட மகதலேனா. ஒத்துக்கறேன். உன் அலைச் சத்தம் இருக்கட்டும். அந்த வரிசைய வெட்டிடு."

மகதலேனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சும்மா இருந்தால் போதும். ஐந்து மாதம் தப்பிக்கும். எங்கே அழுதார்கள் என்று டிஷ்யூவில் எழுதியா வைத்திருக்கிறது?

"யோசிச்சுட்டு வரேன் பாஸ்," என்று சுவர் ஓரம் போனாள். அங்கே செபாஸ்டியன் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேகி, அந்த வரிசையில நின்னது நான்தானே?"

பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. "ஆமாம்ப்பா."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் இன்னும் இரண்டு நாற்காலியை மடக்கினார்.

"நீ அன்னைக்கு போன நோண்டிக்கிட்டு நின்னேன்னு நெனச்சேன். பாத்துக்கிட்டா இருந்த?"

"எல்லாத்தையும் பாத்தேன். செம கோவம் எனக்கு."

"என் மேலயா?"

"அப்ப உங்க மேலதான். இப்ப அந்தப் பாறைக்குப் பின்னால இருந்தவன் மேல."

"ம்." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "காலு மட்டும் அவ்வளவு கோணலா வரைஞ்சிருக்க வேணாம். என் முட்டி அவ்வளவு மோசமில்ல."

"நண்டுக்குக் காலு அப்படித்தான்ப்பா இருக்கும்."

மகதலேனா திரும்பி நேராகக் கமலநாதனிடம் போனாள்.

"பாஸ், அந்த ஏழுல மூணு கறிபாப் எண்ணெ தொடச்சது. மோந்து பாருங்க. மிச்சம் நாலு பாக்கெட்டும் வரிசை சீன்ல பிரிச்சது. அப்பா பிரிக்கவே இல்ல, அவரு சும்மா அழுதாரு. என் சீனுக்கு ஒருத்தரும் அழல. ஷேம் ஷேம்னு சிரிச்சாங்க. என் நாலு நிமிசத்த வெட்டுங்க."

கமலநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன பைத்தியமா? நான் வெளிய இருந்தேன், எனக்கு எப்படித் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப பெரியவங்க அழுவாங்கங்கற?"

"அழுவாங்க பாஸ். நாம காட்டற எடத்துல அழமாட்டாங்க."

சொல்லும்போது அவளுக்குள் இருந்தது துக்கம் அல்ல, சுத்தமான கடுப்பு. ஐந்து மாதம்! ஒன்பது நாளில் கிறுக்கியதிடம் தோற்றிருக்கிறாள். மடிக்கணினியைத் திறந்து அங்கேயே, அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவில், அலைக் காட்சியைப் படத்திலிருந்து உருவி வேறு ஃபைலில் போட்டாள். அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை அவள்.

மேலே ஒரு நிழல் விழுந்தது. கார்த்திகேசு.

"பாப்பா, ஒரு சந்தேகம். அந்த நண்டு பதினோரு தடவ வரிசையில நின்னுச்சே, கடைசியில சங்கு கெடச்சுதா இல்லியா? அதக் காட்டாமலே வேற கதைக்குப் போயிட்ட."

மகதலேனா அதை யோசித்ததே இல்லை. சிரிப்பு முடிந்ததும் அவளுக்கு அந்தக் காட்சியும் முடிந்துவிட்டிருந்தது.

"தெரியல அங்கிள்."

"தெரியலயா? வரைஞ்சவளுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?" கார்த்திகேசு ஒரு நாற்காலியை இழுத்து விரித்து உட்கார்ந்தார். அது முனகியது. "கெடைக்கணும் பாப்பா. கெடைக்காம டிவில போட்டீங்கன்னா பிரிக்ஃபீல்ட்ஸ்ல உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன். எனக்கு நின்னு நல்லாப் பழக்கம்."

மகதலேனா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "எந்தக் கலர் சங்கு வேணும் அங்கிள்?"