பிசைந்தது போதும்

1

இந்தக் கதை ஒரு திருட்டுப் பார்வையில் பிறந்தது. ஆட்டமும் கலந்த ஒரு யோகா வகுப்பின் முடிவில் எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது நான் மட்டும் திறந்து பார்த்தேன். பக்கத்துப் பாயில் ஒரு பெண்ணின் கைகள் தரையைப் பிசைந்துகொண்டிருந்தன. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உண்மை கிடைத்துவிடும். அப்புறம் நான் எதற்கு?

ஆகவே அவளை ரொட்டிக்காரி ஆக்கினேன்.

2

முதல் தொடக்கம்: அவளுக்குள் ஓர் எரிமலை குமுறி...

[அடித்துவிட்டேன். எரிமலையை நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை.]

இரண்டாவது: ரொட்டி கல்லாக இருக்கிறதென்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

இது நிற்கும். மாவை அளவுக்கு மேல் பிசைந்தால் ரொட்டி இறுகிவிடும். பிசைபவள் தங்கை, முன்னால் நின்று விற்பவள் அக்கா. போதும் என்று நிறுத்த வேண்டிய இடத்தில் தங்கையின் கை இப்போதெல்லாம் நிற்பதில்லை. அம்மா இறந்ததிலிருந்து இப்படி.

அன்று ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அக்கா. விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அக்கா போன் செய்யவில்லை. ரொட்டி வெந்து இறங்கிய பிறகே சொன்னாள். அதுவரை தங்கை பாட்டு முணுமுணுத்தபடி பிசைந்துகொண்டிருந்தாள். அம்மா இல்லாத உலகத்தில் தான் பாடிய அந்தப் பாட்டை அவளால் பொறுக்க முடியவில்லை.

(அக்காவை வில்லியாக்குவது சுலபம். இரண்டு நாள் முயன்றேன். அவள் இடம் கொடுக்கவில்லை.)

3

"இப்படியே போனா பிசையற மிஷின் வாங்கிடுவேன். அதுக்குக் கோபம் வராது" என்றாள் அக்கா.

"வராதுதான். அதுக்கு அக்கா கிடையாதே."

மிஷின் வந்தால் தங்கைக்கு அந்த அறையில் வேலை இல்லை. கை அவளுடையதாக இருந்தாலும் கடை அக்காவின் பேரில் இருந்தது. அந்தப் பயத்தில்தான், கோபத்தை அடக்க, தெருக்கோடியில் இருந்த யோகா வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

4

முதல் வரைவில் அவளைப் பாயில் படுக்கவைத்து, அழவைத்து, மன்னிக்கவைத்தேன். வெட்கக்கேடு. படுத்ததும் கோபம் போய்விடுமென்றால் உலகத்தில் பாய் விற்பவர்கள்தான் பெரிய ஞானிகள்.

நடந்தது இது. "கோபத்த விரட்டாதீங்க. உடம்புல எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க. அந்த இடத்த மெதுவா அசைங்க" என்றாள் டீச்சர். தங்கை தேடினாள். நெஞ்சில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. சுழற்றினாள். டீச்சர் போட்ட இசை ஏறியதும் தோளும் இடுப்பும் சேர்ந்துகொண்டன. தரை அதிர மிதித்து ஆடினாள். அவளுடைய முழங்கை என் தோளில் பட்டது. (இது மட்டும் நிஜம். இன்னும் வலிக்கிறது.) இசை நின்றபோது மூச்சு வாங்கியது. கைகள் தாமாகவே நின்றிருந்தன.

மறுநாள் மாவு போதுமென்றது; கைக்கும் கேட்டது. கோபம் தீர்ந்துவிடவில்லை. ஒரு கேள்வி அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயில் கொள்ளும் அளவு.

5

முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மிஷின் வருகிறது. ஒன்றில் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இரண்டையும் கிழித்தேன். மிஞ்சியது கீழே.

கடை திறக்கும் முன் அக்கா உள்ளே வந்து ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. அப்படி என்னதான் ஆட்டம் போடுகிறாய், காட்டு என்றாள் கேலியாக. தங்கை கைகளை மெல்ல மேலே உயர்த்தினாள். பக்கத்தில் நின்று அக்காவும் உயர்த்தினாள், கொக்கு சிறகு விரிப்பதுபோல, கோணலாக. இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"அன்னைக்கு ஏன்க்கா கூப்பிடல?"

அக்கா கையை இறக்கவில்லை.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது இன்னும் கொஞ்ச நேரம் அம்மா இருக்கட்டும்னு தோணுச்சு."

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். தெரியாமலல்ல, இது என் கை செய்யும் வேலையில்லை. அந்த நான்கு கைகளும் உயரத்தில் நிற்கின்றன. தோள் கடுக்கத் தொடங்கிவிட்டது, இறக்கியே ஆக வேண்டும். புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்திருங்கள். நீங்களும் கையை உயர்த்துங்கள். நீங்கள் பேச்சை விட்டுவிட்ட ஆளை மனதால் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது இறக்குங்கள். கை எங்கே போகிறது?