சொல்லாமல் விட்ட மறை

லக்சனாவை நம்பினேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதி மீனைப் பரிசோதிக்கும் சின்னத் தனியார் ஆய்வுகூடம் எங்களுடையது. நானும் அவளும் எட்டு மாதமாக அங்கே தற்காலிக வேலை. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. அது எனக்குத்தான் என்று பொறுப்பாளர் ஆதம்பாவா சேர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அப்பா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு சம்பூரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான்.

உள்ளறை இயந்திரத்தைப் பார்த்து அவள் சத்தமாகச் சொல்வாள், வெளியே கணினியில் நான் பதிவேன். எல்லாத் திணிவும் கிராமில், விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில்தான் போக வேண்டும். ஒரு கிலோ மீனில் 0.32 மில்லிகிராம் இரசம், அதாவது பாதரசம், இருந்தால் 3.2 × 10⁻⁴ கிராம். பத்தின் தலையில் நிற்கும் சுட்டிக்கு முன்னால் வரும் அந்தச் சின்னக் கழித்தல் கோட்டைத்தான் தமிழில் கணக்குப் படித்த நாங்கள் 'மறை' என்போம்.

முதல் மாதத்திலேயே அவளுக்கு அலுத்துவிட்டது.

"எடி, இரசமும் ஈயமும் எப்பவும் துளிதானே. எல்லாமே மறைதான். நான் நம்பரை மட்டும் சொல்லுறன், மறையை நீயே போடு."

சரி என்றேன். நாளுக்கு நூறு தரம் கத்தினால் அவளுக்கும் தொண்டை வலிக்கும், பாவம் என்று நினைத்தேன். பாவமாம்!

போன செவ்வாய்க்கிழமை சூரை மீன் வந்தது, பன்னிரண்டு தொன். மொத்தத் திணிவையும் படிவத்தில் கிராமில்தான் கேட்டிருந்தார்கள். ஈயத்துக்கும் இரசத்துக்கும் நடுவில் அதையும் சொன்னாள்.

"ஒண்டு தசம் ரெண்டு, பத்தின் ஏழு."

பழக்கதோஷம், மறையே இல்லாத அந்த ஏழுக்கும் என் கை மறையைப் போட்டுவிட்டது. 1.2 × 10⁻⁷. பன்னிரண்டு தொன் மீன் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லாமல் போயிற்று. செதிலில் ஒட்டிய உப்புத்தூள் அதைவிடப் பாரம். வாங்குகிற கம்பனி சிரித்துவிட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பியது. சேர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இது ஆர்ர பிழை?"

"என்ர கைதான் சேர். ஆனா நாங்கள் மறை எண்டு சொல்லுறதே இல்லை. லக்சனா நம்பரை மட்டும் சொல்லுவா, நான் மறை போடுறனான். அது நாங்கள் கதைச்சு வைச்சது."

சேர் அவள் பக்கம் திரும்பினார். "அப்பிடியோ லக்சனா?"

அவள் ஓம் என்பாள், இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சு விழும், வெளியே போய்ச் சிரிப்போம் என்றே நினைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு விளங்கயில்லை சேர்," என்றாள் நிலத்தைப் பார்த்தபடி. "மறை எண்டா மறை எண்டுதானே சொல்லோணும். அண்டைக்கு நான் மறை சொல்லயில்லை. கீர்த்தனியையே கேளுங்கோ."

"சொன்னவவோ கீர்த்தனி?"

அன்றைக்கு அவள் மறை சொல்லவில்லைதான்; எந்த நாளும்தான் சொல்லவில்லை. இருந்த பதில் ஒன்றுதான்.

"இல்லை சேர்."

"பிறகென்ன கதை," என்று சேர் கோப்பை மூடினார். பின்னேரமே நிரந்தரக் கடிதம் அவள் பெயருக்கு அடித்தாயிற்று.

வெளிவாசலில் எனக்காகக் காத்து நின்றாள்.

"கோவமோ? நான் பொய் ஒண்டும் சொல்லயில்லையே."

"ஓம், சொல்லயில்லை," என்றேன். "நீ சொல்லாம விட்டதையெல்லாம் எட்டு மாசமா நான்தானேடி போட்டுக்கொண்டிருந்தனான்."