வேலிக்கு வெளியே பெருசு

எழுந்ததும் கெட்டிலில் தண்ணீர் வைப்பேன். டீத்தூள் பையைப் போட்டுக் குடிப்பேன். சட்டைக்கு இஸ்திரி போடுவதில்லை. மான்களுக்குத் தெரியாது. நான் குடியிருக்கும் முவைலாவிலிருந்து பாலைவனத்தில் இருக்கும் பண்ணைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். வண்டியில் ரேடியோ போடுவதில்லை.

விலங்கியல் படித்ததால் கிடைத்த வேலை. எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல், அரபு முதலாளி; அவர் பண்ணையில் மணல் மான்கள் மந்தையாக வளர்கின்றன. வேலிக்கு வெளியே அரசு நிலம். அங்கே யாரும் எந்த மானையும் சுடக்கூடாது. வேலிக்குள் முதலாளியின் மான். குளிர்காலத்தில் ஒருமுறை, முற்றிய ஆணாகப் பார்த்து ஒன்றை விருந்தாளியின் துப்பாக்கிக்குக் கொடுப்பார். எதைக் கொடுப்பது என்று நான் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் பெருசைச் சொல்லியிருந்தேன். அந்தப் பெயரை வைத்தவர் காவலுக்கு இருக்கும் சேதுபதி. பெருசுக்கு முகம் முழுக்க வெளுத்திருக்கும். கொம்பின் அடிவளையங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. தீவனம் போட்டால் எல்லாம் ஓடிவரும், பெருசு மட்டும் தள்ளி நின்று காற்றைப் பார்க்கும். மற்றவை தின்று முடித்த பிறகு நடந்து வரும். ஓடி நான் பார்த்ததில்லை. அத்தனை மான்களுக்கு நடுவில் அது நின்றால் கண் அங்கேதான் போகும். கணக்குப்படி அதுதான் முற்றியது. சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின இரண்டு நாளும் மணல்காற்று. நான் போய் இறங்கியதும் சேதுபதி சிரித்தார்.

"சார், பெருசு கஃபீல்ட்ட சொல்லாம லீவுல போயிருச்சு."

பின்பக்கம் வேலியின் உச்சிவரை மணல் ஏறியிருந்தது. அதன்மேல் ஒரே வரிசையாகக் குளம்புத் தடம். மற்ற மான்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பெருசு வெளியே, ஒட்டகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றது. வேலி இல்லாத இடத்தில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மேனேஜர் செய்கு அலாவுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கத்தார்லேர்ந்து விருந்தாளி வந்து உக்காந்திருக்காரு தம்பி. வெளிய நிக்கிறதை தொட முடியாது. நீங்க கூப்புட்டா வரும். உள்ள கொண்டாந்துருங்க."

"வேற ஒண்ணு காட்டலாமே, பாய்?"

"முதலாளி இதைத்தான் போட்டோ அனுப்பியிருக்காரு. யல்லா, யல்லா."

சேதுபதி கேட்டைத் திறந்தார். நான் பசும்புல் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உதறினேன். பெருசு தலையைத் தூக்கியது. பிறகு நடந்து வந்தது, எப்போதும்போல அவசரமில்லாமல். நான் அதைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தேன், அது என்னைத் தொடர்ந்து வந்தது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தேன். எனக்குப் பின்னால், மரத்தடியில், விருந்தாளி துப்பாக்கியோடு இருந்தார்.

கேட்டுக்கு வெளியே பெருசு நின்றது. மூக்கைத் தூக்கி மோந்தது. முன்னங்காலால் தரையை ஒருமுறை அடித்தது. ஆபத்து என்று மற்ற மான்களுக்குச் சொல்வது அப்படித்தான். அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், நான் கையில் புல்லோடு நின்றதால், ஒரு காலை எடுத்து வைக்கத் தூக்கியது.

நான் கேட்டைச் சாத்தினேன். கொண்டியும் போட்டேன்.

சத்தத்துக்குத்தான் அது ஓடியது. முதல் முறையாகப் பார்த்தேன். நான்கு கால்களும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்ப, மணல் மேட்டின் மேல் போய் நின்று ஒருமுறை திரும்பியது. விருந்தாளி எழுந்து வந்து, துப்பாக்கியைச் சேதுபதி கையில் கொடுத்துவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். அது மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு காபி கேட்டார்.

அவர் நகர்ந்ததும் அலாவுதீன் என் பக்கம் வந்தார்.

"என்ன தம்பி இது? யார் சாத்தச் சொன்னா உங்களை?"

நான் புல் கட்டைப் பிரித்து மற்ற மான்களுக்குப் போட்டேன். அவரும் கொஞ்சம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆறு மாதமாக எல்லோரும் என்னிடம் அப்படித்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை, டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜோதிமணி தலைவலி என்று படுத்திருந்தாள். மத்தியானம் ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் செய்தபோது மூளையில் ரத்தம் கசிந்து எல்லாம் முடிந்திருந்தது. சாகும்போது உன் பெயரைச் சொல்லியிருப்பாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவள் கடைசியாகச் சொன்னது, போர்வைக்குள்ளிருந்து, திரும்பாமல்:

"கதவச் சாத்தீட்டுப் போங்க. ஏசி பூரா வெளிய போகுது."