பெரிய வெள்ளியன்று பார்த்த வீடு

இரவெல்லாம் அமெரிக்காக்காரர்களின் புகார்களுக்குப் போனில் பதில் சொல்லிவிட்டுப் பகலில் தூங்குகிறவள் நான். எனக்கு வீடென்றால் தூங்குகிற இடம். அதனால் இமுஸ் நகரில் அந்தப் பழைய குடியிருப்பைப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன். மாமர நிழல், பொது நீச்சல் குளம், வீட்டுச் சுவரை ஒட்டிக் கூரை போட்ட விளையாட்டு அரங்கம். தெருவில் ஈ காக்கை இல்லை. அப்படியொரு அமைதி.

"இதேதான் வேணும்," என்றேன் என் கணவர் தாந்தேயிடம். வீடு காட்டிய தரகர் நெல்சா வாயைத் திறக்காமல் சிரித்தாள். வீட்டை வாங்க முன்பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டோம்.

நாங்கள் வீடு பார்க்கப் போனது பெரிய வெள்ளியன்று. தாந்தே வேலை செய்யும் மாலுக்கு அன்றுதான் விடுமுறை. ஆண்டவர் இறந்து கிடக்கும் நாளில் எங்கள் ஊரில் எவனாவது பந்து தட்டுவானா, பாட்டுப் போடுவானா? இரவு வேலை முடித்து நேராக வந்த தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

குடிவந்த மறுநாளே குட்டு வெளிப்பட்டது. காலையில் பாட்டுப் போட்டுப் பெண்கள் ஆடும் ஜும்பா உடற்பயிற்சி. அப்புறம் கூடைப்பந்து. மத்தியானம் யாருக்காவது பிறந்தநாள் என்று மைக்கில் பாட்டு. எல்லாம் என் தலைமாட்டில். போனில் பேசிக்கொண்டே தூங்கி விழுந்து, மேலாளரிடம் கடைசி எச்சரிக்கையும் வாங்கினேன்.

"வித்துடலாம்," என்று அழுதேன்.

"முதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாரு," என்றார் தாந்தே.

கோபத்தில் இரவு உடையோடே அரங்கத்துக்குப் போய் நின்றேன். குடியிருப்புச் சங்கத் தலைவி பெபாங் அக்கா பாட்டை நிறுத்தினாள்.

"என்ன, நீயும் ஆட வந்தியா?"

"உங்க கூத்துல நான் எங்கக்கா தூங்குறது? ராத்திரி வேலைக்குப் போறவ நான்!"

"அடிப்பாவி! வந்த அன்னிக்கே சொல்றதுக்கென்ன? பகல்ல கதவையே திறக்கலையே, திமிரு புடிச்சவன்னுல்ல பேசிக்கிட்டிருந்தோம்! பேரென்ன?"

"ரோவேனா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை ஜும்பா இல்லை, மாலைக்கு மாற்றிவிட்டார்கள். சுகமாகக் கண் அசந்தபோது பெபாங் அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் ஜன்னல் அதிர அலறியது.

"பந்தைக் கீழ போடுங்கடா! ஐஸ்காரரே, மணி அடிக்காதீங்க! நம்ம ரோவேனா தூங்குறா!"

தூக்கிவாரிப் போட்டது. திட்டத்தான் எழுந்தேன். ஆனால் இத்தனை வருஷம் இருந்த வாடகை வீடுகளில் என் பெயரே யாருக்கும் தெரியாது. இங்கே நான் 'நம்ம ரோவேனா'வாம். மனசு இளகிவிட்டது.

ஜன்னலைத் திறந்து கத்தினேன். "அக்கா, அந்த மைக்கை அணைச்சாத்தான் தூங்குவேன்!"

"சரிடி, அணைச்சுடறேன், நீ தூங்கு!"

அதையும் மைக்கில்தான் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே படுத்தேன். வீட்டை விற்கிற பேச்சு அதோடு போயிற்று.