கழுத்தைச் சுற்றிய துண்டு

டெரன்ஸ் இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் கஞ்சி போலக் குடித்துக்கொண்டிருந்தான். பங்குனி வெயில் காலையிலேயே வீட்டுக்குள் ஏறிவிட்டது. ஆனாலும் அவன் கழுத்தில் ஒரு துண்டு, தாடை வரைக்கும் இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

"மீன்குழம்பு இருக்கு, ஊத்தட்டா?" என்றாள் விக்டோரியா. அவனுடைய அண்ணன் சிலுவையின் மனைவி அவள்.

"வேண்டாம் மயினி. காரம் ஆவல."

"சங்கு குளிக்கிற ஆளுக்குக் காரம் ஆவலயா? போன கிறிஸ்மசுக்கு நண்டுக் குழம்புச் சட்டியவே வழிச்சு நக்குன வாயில்லவா இது?"

டெரன்ஸ் சிரித்தான். சிரிப்பு வலப்பக்கம் மட்டுமே வந்தது. இடப்பக்கம் கன்னம் அசையவில்லை. விக்டோரியா அதைப் பார்த்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தன்னைக் கவனிப்பது தெரிந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வள்ளத்தில் காத்திருக்கும் நேரமெல்லாம் டெரன்ஸ் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வான். முதலில் அங்கே ஒரு புண் வந்தது. புண் ஆறவில்லை. பிறகு கழுத்தில் கட்டி தெரிந்தது. வெளியே தெரியக்கூடாது என்று துண்டைச் சுற்றச் சொன்னவர் சிலுவை.

சிலுவைக்கு ஊரில் மரியாதை அதிகம். அவர் வீட்டுக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. பிப்ரவரி மாதம் புனித பிளேசியார் திருநாளில் பங்குச் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து, ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து மந்திரிப்பார். தொண்டை நோய் அண்டக்கூடாது என்பதற்காகச் செய்வது. அந்த மெழுகுதிரிகளைப் பாட்டன் காலம் முதல் கொடுத்து வருவது சிலுவையின் குடும்பம். ஊருக்கே தொண்டை காக்க மெழுகுதிரி கொடுக்கும் வீட்டில் ஒருவனுக்குக் கழுத்தில் கட்டி வந்தால் ஊர் என்ன பேசும்? அதிலும் மகள் ஸ்டெபிக்கு மணப்பாட்டில் சம்பந்தம் கூடி வந்திருக்கிற நேரம்.

இந்த நேரம் பார்த்துத்தான் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஐஸ்வர்யா என்ற பெண் மருத்துவர் தலைமையில் ஆராய்ச்சிக் குழு வந்து, கோயில் பக்கத்து மண்டபத்தில் இறங்கியிருந்தது. புகையிலை அடக்குகிறவர்களில் சிலருக்கு மட்டும் வாயிலும் கழுத்திலும் புற்றுநோய் வருவது ஏன் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தார்கள். கழுத்தில் ஸ்கேன் வைத்தார்கள். கட்டி இருந்தால் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள்.

சிலுவைக்கு முதல் நாளே சந்தேகம்.

"வைத்தியம்னா வைத்தியம்னு சொல்லணும். அது என்னவே ஆராய்ச்சி?" என்று மீன் ஏலக்கூடத்தில் நின்று கேட்டார். "எலிக்குப் பண்ணுவான், கொரங்குக்குப் பண்ணுவான், அடுத்தது நமக்கா? சிப்பியத் தொறந்தா என்ன ஆவும்? உள்ள முத்து இருக்கோ இல்லையோ, சிப்பி செத்துரும். கட்டியும் அப்படித்தான். குத்திப் பாத்தாம்னா ஒடம்பெல்லாம் பரவிரும். பொறவு நம்ம தெருவையே புத்துநோய்த் தெருன்னு எழுதிட்டுப் போயிருவான். நம்ம பிள்ளைகள எவன் கட்டுவான்? ஒருத்தனும் போகப்படாது."

ஒருவரும் போகவில்லை. டெரன்ஸும் போகவில்லை. தகப்பன் இறந்த பிறகு தன்னை வளர்த்த அண்ணன் சொல்லை அவன் தாண்டியதே இல்லை. கல்யாணம் முடியட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் சிலுவை. கட்டி கல்யாணத்துக்காகக் காத்திருக்கவில்லை. நெல்லிக்காய் எலுமிச்சை ஆயிற்று. துண்டைப் பெரிதாகச் சுற்றினார்கள். கடலுக்குப் போவதும் நின்றுபோயிற்று.

கல்யாணத் தேதி குறிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் ஞானபாய் தனியாக வந்தாள். மாப்பிள்ளை கப்பலில் இருந்தான். விக்டோரியா வைத்த காப்பியை ஞானபாய் தொடவில்லை.

"சம்மந்தி, தேதிய இப்பம் குறிக்காண்டாம்" என்றாள்.

சிலுவை நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளையப் பத்தி எதும் கேள்விப்பட்டியளோ?"

"பிள்ளை தங்கம். ஒங்க தம்பியப் பத்தித்தான் கேள்விப்பட்டேன்."

சிலுவைக்கு முகம் சிவந்தது. "யாரு சொன்னது? அந்த டாக்டர் பொம்பளையா? எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே அவ எங்க வீட்டப் பாத்த பார்வ சரியில்ல."

"எந்த டாக்டரு?" ஞானபாய் விழித்தாள். "எனக்கு ஒரு டாக்டரையும் தெரியாது. மார்க்கெட்டுல நண்டு விக்கிறவ வரைக்கும் பேசுதாவளே! அண்ணன் தம்பிக்குள்ள தகராறாம். தம்பி கயித்துல தொங்கிட்டாராம். ஒங்க வீட்டு ஆளுக அறுத்து எறக்குனியளாம். அந்தக் கயித்துத் தடம் தெரியாம இருக்கத்தான் துண்டு சுத்தியிருக்காராம்."

விக்டோரியா தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். சிலுவை எதையெல்லாமோ எதிர்பார்த்திருந்தார். தான் வளர்த்த தம்பியைத் தானே சாவு வரைக்கும் விரட்டியதாக ஊர் பேசும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தத் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

"டெரன்சு!" என்று கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து அவன் வந்தான். சிலுவை எழுந்துபோய்த் தம் கையாலேயே துண்டை அவிழ்த்தார். முடிச்சு லேசில் வரவில்லை.

"பாருங்க சம்மந்தி. தடம் எங்க இருக்கு? கட்டிதான். வாய்க்குள்ள புண்ணு. நாந்தான் மூடச் சொன்னேன்."

ஞானபாய் அருகில் வந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. "வலிக்குதா, தம்பி?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டெரன்ஸ் தலையாட்டினான். கண் கலங்கியது.

அவள் சிலுவை பக்கம் திரும்பினாள். "கட்டி வந்த வீட்டுல சம்மந்தம் வைக்க எனக்குப் பயமில்ல. கட்டிய மூடி வைக்கிற வீடுன்னாத்தான் பயம். நாளைக்கு ஸ்டெபிக்கு ஒண்ணுன்னா என் வீட்டுல அவ வாயத் தொறப்பாளா? மொதல்ல தம்பியக் காட்டுங்க. தேதி எங்கயும் ஓடிராது."

மறுநாள் காலை மண்டபத்தில் சிலுவை தம்பியோடு உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியில் சாயவில்லை. சந்தேகமும் தீர்ந்துவிடவில்லை. மருத்துவர் ஐஸ்வர்யா ஊசியை எடுத்ததும் சிலுவை கையைக் காட்டித் தடுத்தார்.

"நில்லுங்கம்மா. குத்துனா பரவாதா?"

"பரவாது அண்ணாச்சி. ரத்தம் எடுக்கிற ஊசிய விட இது மெல்லிசு. பரவிரும்னு பயந்து வராம இருக்கிறவங்களத்தான் நாங்க கடைசி நேரத்துல பாக்கிறோம்."

"எடுக்கிறத எங்க கொண்டு போவிய?"

"என்ன நோய்னு பாக்க ஒரு பங்கு. அது வைத்தியத்துக்கு. மிச்சம் ஆராய்ச்சிக்கு, அதுவும் இவரு சம்மதிச்சா மட்டும். பேரு, தெரு எதுவும் வெளிய போகாது."

"சம்மதிக்காட்டா?"

"வைத்தியம் அப்படியே நடக்கும். ஒரு குறையும் வராது."

சிலுவை வேறு கேள்வி தேடினார். அதற்குள் டெரன்ஸ் வாயைத் திறந்தான். அண்ணன் இருக்கும்போது முந்திக்கொண்டு அவன் பேசியது அதுதான் முதல் தடவை. "எடுத்துக்கோங்க டாக்டர். எங்கிட்ட இருக்கதுல வேற எதுவும் ஊருக்கு ஒதவுனதில்ல. இதாவது ஒதவட்டும்."

பரிசோதனை முடிவு வந்தபோது அது புற்றுநோய்தான் என்று தெரிந்தது. ஐஸ்வர்யா மழுப்பவில்லை. "புண்ணு வந்தப்பவே வந்திருந்தா கன்னத்தோட முடிஞ்சிருக்கும். இப்ப கழுத்தையும் சேத்து ஆபரேஷன் பண்ணணும். பெரிய ஆபரேஷன்தான். ஆனா நேரம் தப்பிப் போகல" என்றார்.

சிலுவை அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். மண்டப வாசலில் ஏலக்கூடத்து ஆட்கள் கூடி நின்றார்கள். அவர்களில் ரெக்சன் கொஞ்சம் வாய்த்துடுக்கானவன்.

"என்ன அண்ணாச்சி, சிப்பியத் தொறந்தா செத்துரும்னு நீங்கதானே சொன்னிய? இப்பம் தம்பிய நீங்களே கூட்டிட்டு வந்திருக்கிய?"

மற்ற நாளாயிருந்தால் சிலுவை அவனை ஒரு பார்வையில் அடக்கியிருப்பார். இன்று அவன் முன்னால் போய் நின்றார்.

"சொன்னேம்லே. சிப்பியும் மனுசனும் ஒண்ணுன்னு நெனைச்சுச் சொல்லிட்டேன். சந்தேகப்பட்டது தப்பில்ல. நம்ம ஒடம்புல ஒருத்தன் ஊசி வச்சாம்னா எதுக்குன்னு கேக்கத்தான் வேணும். ஆனா நான் டாக்டர்ட்ட கேக்க வேண்டியதக் கேக்காம, ஒங்களப் போவாதியன்னு தடுத்தேன். அதுக்குத்தான் எந்தம்பி கழுத்து அறுபடப் போவுது. நோயி வந்தா குடும்பத்துக்கு மானம் போவாது. நோயாளிய மூடி வச்சாத்தான் போவும். இத நீங்களாவது நேரத்தோட தெரிஞ்சுக்கிடுங்க."

ரெக்சனின் இடது கன்னம் புடைத்திருந்தது. சிலுவை அதையே பார்த்தார்.

"என்னலே பாக்குத? வாயில அடக்கி வச்சிருக்கதத் துப்பிட்டு, உள்ள போயி உக்காரு."